பர்பேங்க்ல இருந்து வந்த மெயில்

2025 மே 5, திங்கக்கிழமை. காலைல எந்திரிச்சு போனை எடுத்தா எங்க பழைய ஆபீஸ் வாட்ஸாப் குரூப்ல நூத்துக்கும் மேல மெசேஜ். வெளிநாட்டுல எடுத்து அமெரிக்காவுக்குள்ள வர்ற எல்லா சினிமாவுக்கும் 100 பர்சென்ட் வரி போடப்போறதா டிரம்ப் ட்ரூத் சோஷியல்ல போட்டிருந்தாரு, நாங்க தூங்குற நேரத்துல. மத்த நாடுங்க சலுகை காட்டி ஹாலிவுட்டை இழுத்துட்டுப் போறாங்க, இது நாட்டோட பாதுகாப்புக்கே ஆபத்துன்னு எழுதியிருந்தாரு. குரூப்ல ஒருத்தன் "நம்ம பொழப்பு போச்சாடா"ன்னு கேட்டிருந்தான். இன்னொருத்தன் "நமக்கு ஒண்ணும் ஆகாது மச்சான், நாம படமா எடுக்கறோம், ரோட்டோ தான போடறோம்"னு. மூணாவதா ஒருத்தன், "அங்க இருக்கறவனுக்கு நல்லா வேணும், நாம ஆறு மாசமா வேலை இல்லாம சுத்தும்போது எவன் கேட்டான்"னு போட்டிருந்தான், அதுக்கு பத்து பேரு கைதட்டி இமோஜி வேற.

அந்த மூணாவது மெசேஜுக்கு என்னால சும்மா இருக்கவும் முடியல, பதில் போடவும் முடியல. ஏன்னா முந்தின வருஷம் நவம்பர்ல இருந்து என் இன்பாக்ஸ்ல ஒரு மெயில் கிடந்துச்சு, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல சினிமா ஸ்டுடியோங்க இருக்கற பர்பேங்க்ல இருந்து வந்தது, அதுக்கு நான் பதிலே போடல. அதை அப்புறம் சொல்றேன், மொதல்ல நான் என்ன வேலை பாக்கறேன்னு சொல்லிடறேன், ஏன்னா சினிமா வேலைன்னு சொன்னா எங்கம்மா இன்னமும் ஷூட்டிங்னு தான் நெனைச்சுட்டு இருக்காங்க.

ஒரு ஷாட் சொல்றேன். எந்தப் படம்னு சொல்லக்கூடாது, கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கோம். ஒரு பொண்ணு மழையில நடந்து போயிட்டே திரும்பிப் பாக்கறா, கைய தூக்கி நெத்தில விழுந்த முடிய ஒதுக்கறா, அவ்வளவு தான். 118 ஃப்ரேம், அஞ்சு செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. அவளுக்குப் பின்னாடி இருக்கற தெரு மாறணும், ஆனா பின்னாடி கிரீன் ஸ்கிரீன் கிடையாது, நிஜத் தெருவுல எடுத்தது. அப்போ அவளை அந்தத் தெருவுல இருந்து தனியா வெட்டி எடுக்கணும், ஒவ்வொரு ஃப்ரேமா, அது தான் ரோட்டோ. ஒரு விரலுக்கு ஒரே ஷேப் போட்டா வேலைக்கு ஆகாது, ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனியா போட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தணும், அப்போ தான் விரல் மடங்கும்போது ஷேப்பும் மடங்கும். பாயின்ட் கொஞ்சம் நகந்தாலும் ஓட்டிப் பாக்கும்போது ஓரம் துடிக்கும். கை வேகமா போற ஃப்ரேம்ல விரலே இருக்காது, ஒரு புகை மாதிரி தான் இருக்கும், அந்தப் புகைக்கும் ஒரு ஓரம் கண்டுபிடிக்கணும். நனைஞ்ச முடி அதுக்கும் மேல. நாலு நாள் ஆச்சு எனக்கு. போன் லாக்கர்ல, சிஸ்டத்துல இன்டர்நெட் கிடையாது, கண்ணாடி முழுக்க கருப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கும், வெளிய பகலா ராத்திரியான்னு கூட தெரியாது.

ரெண்டு தடவை திருத்தச் சொல்லி ரீடேக் வந்துச்சு. மூணாவது தடவை பர்பேங்க்ல இருந்த காம்ப் சூப்பர்வைசரே (வெட்டி எடுத்ததை எல்லாம் ஒரே காட்சியா சேக்கறது தான் காம்ப்) ஆன்லைன் கால்ல வந்தாரு, எங்களுக்கு ராத்திரி 11:30, அவருக்கு காலைல 11 மணி. அங்க அவரு ஃப்ரேம் மேல பேனா வெச்சு வரைஞ்சா இங்க என் ஸ்கிரீன்ல கோடு விழும். திட்டப்போறாருன்னு உக்காந்திருந்தேன். திட்டல. முடிய வெட்டணும்னு நெனைக்காத, முடிக்குள்ள வெளிச்சம் எது வரைக்கும் போகுதுன்னு மட்டும் பாரு, அங்க நிறுத்துன்னு சொன்னாரு, சொல்லிட்டு ஒரு ஃப்ரேம் முழுக்க அவரே வரைஞ்சு காட்டினாரு, இருவது நிமிஷம். 26 வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கற மனுஷன் அவரு. பேர் சொல்லியே கூப்பிடுன்னாரு, எனக்கு வாய் வரல, சார்னே கூப்பிட்டேன். இன்னிக்கு ஒரு ஜூனியர் பையனுக்கு நான் முடி எப்படி போடணும்னு சொல்லிக் குடுக்கும்போது அவரு சொன்ன வார்த்தையைத் தான் தமிழ்ல சொல்றேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே பாண்டிச்சேரில ஒரு படத்தோட ஷூட்டிங்கை வேடிக்கை பாத்துத் தான். 2011 ஆரம்பத்துல லைஃப் ஆஃப் பை படத்துக்காக எங்க ஊரு தாவரவியல் பூங்காவை மிருகக்காட்சி சாலையா மாத்திட்டு இருந்தாங்க, நான் விஸ்காம் ரெண்டாவது வருஷம், கேட்டுக்கு வெளிய கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டு இருந்தேன். படத்துல வர்ற புலி பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு தெரிஞ்சப்போ தான் இப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்குத் தெரியும். அந்தப் புலியை செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல எல் செகுண்டோல இருந்த கம்பெனி, 1987ல ஆரம்பிச்சது. நம்ம மும்பை, ஹைதராபாத்ல எல்லாம் அவங்களுக்கு ஆபீஸ் இருந்துச்சு. 2013 பிப்ரவரில அந்தக் கம்பெனி திவால். அதே மாசம் 24ஆம் தேதி அதே படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார். வெளிய ரோட்டுல நூத்துக்கணக்கான ஆர்ட்டிஸ்டுங்க பதாகை பிடிச்சு நிக்கறாங்க, உள்ள மேடையில அந்த விருதை வாங்கின எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசர் பில் வெஸ்டன்ஹோஃபர் கம்பெனி கஷ்டத்தைப் பத்தி பேச ஆரம்பிச்ச உடனே மியூசிக் போட்டு மைக்கை நிறுத்திட்டாங்க. 60 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ண படம் அது. நான் அப்போ சென்னைல ட்ரெய்னியா சேந்து மூணு மாசம். கேன்டீன்ல எல்லாரும் அந்த வீடியோவையே திருப்பித் திருப்பி பாத்துட்டு இருந்தோம், யாரும் ஒண்ணும் பேசல.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரிய எனக்கு சில வருஷம் ஆச்சு. எங்க தொழில்ல விலை பேசறது ஃபிக்ஸட் பிட். இத்தனை ஷாட், இவ்வளவு ரூபாய்னு மொதல்லயே கையெழுத்து. அப்புறம் டைரக்டருக்கு மனசு மாறி, பொண்ணு வலது பக்கம் திரும்பினா நல்லா இருக்கும்னு சொன்னா மறுபடி செய்யணும், அந்தக் காசு பெரும்பாலும் வராது. வேலை குடுக்கற பெரிய ஸ்டுடியோ விரல் விட்டு எண்ணிடலாம், வேலை கேக்கற கம்பெனி உலகம் முழுக்க. அதுக்கு மேல அரசாங்கங்க. கனடால பிரிட்டிஷ் கொலம்பியா 1998லயே வெளிநாட்டுப் படங்களுக்கு சம்பளச் செலவுல ஒரு பங்கை திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாச்சு. அதுக்கப்புறம் லண்டன், மான்ட்ரியல், சிட்னி, புடாபெஸ்ட், எல்லாரும். 2014ல சோனியோட விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனி இமேஜ்வொர்க்ஸ் தலைமை ஆபீஸையே கல்வர் சிட்டில இருந்து வான்கூவருக்கு மாத்திட்டாங்க. அங்க வேலை பாத்தவங்க குடும்பத்தோட, ஸ்கூல் போற பிள்ளைங்களோட பெட்டி தூக்கிட்டு பின்னாடியே போகணும், இல்லன்னா வேலை இல்ல. 30 பர்சென்ட் குடுக்கற ஊருக்குப் போனா அடுத்த வருஷம் இன்னொரு ஊரு 35 குடுக்கும், மறுபடி பெட்டி. டாக்ஸ் கிரெடிட் கிடைக்கற வேலையெல்லாம் வான்கூவருக்கும் லண்டனுக்கும், கூலி கம்மியா இருக்கற வேலை, அதாவது ரோட்டோ, பெயின்ட் (ஃப்ரேம்ல வேண்டாததை அழிக்கறது), மேட்ச்மூவ் (கேமரா நகந்த விதத்தைக் கணக்கு எடுக்கறது) எல்லாம் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும். பர்பேங்க்ல மிச்சம் இருக்கறது கொஞ்சம் சூப்பர்வைசருங்க, கொஞ்சம் மீட்டிங் ரூம்.

அதனால டாரிஃப், அதாவது இறக்குமதி வரின்னு கேட்டதும் அவங்க ஊரு தொழிலாளி கைதட்டினா எனக்கு கோவம் வரல. லாஸ் ஏஞ்சல்ஸ் நிலைமை நிஜமாவே மோசம். 2023ல ரைட்டர்ஸ் 148 நாள், நடிகர்கள் 118 நாள் ஸ்ட்ரைக். அது முடிஞ்சு வேலை வரும்னு பாத்தா 2024 முழுக்க அந்த ஊருல வெளிப்புற ஷூட்டிங் நாள் மொத்தமே 23,480 தான், அங்க ஷூட்டிங் பர்மிட்டைக் கவனிக்கற ஃபிலிம் எல்ஏ அமைப்போட கணக்கு, கோவிட் வருஷத்தை விட்டா அது தான் அடிமட்டம். அதுக்கு மேல 2025 ஜனவரில பாலிசேட்ஸ், அல்டடீனா காட்டுத்தீ. சினிமாவுல லைட் தூக்கறவங்க, தைக்கறவங்க, வண்டி ஓட்டறவங்க வீடெல்லாம் அதுல போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், இந்த வரி யோசனை டிரம்ப் கண்டுபிடிச்சது இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடியே எங்களை மாதிரி விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆர்ட்டிஸ்டுங்க கேட்டது தான். வெளிநாட்டு அரசாங்கம் மானியம் குடுத்து ஸ்டீலை சல்லிசா அனுப்பினா அந்த மானியத்துக்கு சமமா வரி போடறீங்கள்ல, எங்க வேலைக்கும் அதே மாதிரி போடுங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா ஸ்டீல் கப்பல்ல வரும், எங்க ஷாட் கேபிள்ல போகுது. கஸ்டம்ஸ் ஆபீசர் எதைப் பிடிப்பாரு? அந்த நேரம் பாத்து சம்பந்தமே இல்லாத ஒரு பல்லு கேஸ் வந்துச்சு. பல்லு வரிசையை சரி பண்ற கிளியர் அலைனர் இருக்குல்ல, அதுக்கான டிஜிட்டல் ஃபைலை பாகிஸ்தான்ல தயார் பண்ணி டெக்ஸாஸுக்கு அனுப்பி அங்க பிரின்ட் போட்டுட்டு இருந்தாங்க, பேட்டன்ட் தகராறு. ஃபைலும் இறக்குமதி ஆகற பொருள் தான்னு 2014ல அமெரிக்க வர்த்தக ஆணையம் சொல்லிடுச்சு. பைரசிய தடுக்க உதவும்னு ஹாலிவுட் ஸ்டுடியோக்களோட சங்கமே அந்தத் தீர்ப்புக்கு ஆதரவா நின்னுச்சு. உடனே ஆர்ட்டிஸ்டுங்க, அப்போ லண்டன்ல இருந்து வர்ற ஷாட்டும் இறக்குமதி தான, வரி போடுங்கன்னு பிடிச்சுக்கிட்டாங்க. கடைசில 2015 நவம்பர்ல ஃபெடரல் சர்க்யூட்ங்கற அப்பீல் கோர்ட், ஃபைல் பொருள் கிடையாதுன்னு சொல்லி மூடிருச்சு.

2025லயும் அதே முட்டுக்கட்டை தான். கேபிள்ல போறதுக்கு சுங்கம் போடறதில்லன்னு உலக வர்த்தக அமைப்புல 1998லயே ஒத்துக்கிட்டாங்க. அவசரகாலச் சட்டத்தை வெச்சு சினிமாவைத் தொடக்கூடாதுன்னு அமெரிக்காவுல 1988ல பெர்மன் திருத்தம் வேற இருக்கு. 100 பர்சென்ட்னா எதுக்கு 100? டிக்கெட் விலைக்கா, பட்ஜெட்டுக்கா? அட்லான்டால எடுத்து, லண்டன்ல காம்ப் பண்ணி, சென்னைல ரோட்டோ போட்ட படம் எந்த ஊரு படம்? 2025 செப்டம்பர் 29ஆம் தேதி டிரம்ப் மறுபடி அதே 100 பர்சென்டைச் சொன்னாரு, அப்பவும் இதுக்கெல்லாம் பதில் இல்ல. நடிகர் ஜான் வாய்ட் குடுத்த திட்டத்துல கொஞ்சம் தெளிவு இருந்துச்சு, வெளிநாட்டு மானியம் எவ்வளவு வாங்கினியோ அதுல 120 பர்சென்ட் வரியா கட்டுன்னு, கூடவே உள்நாட்டுல வரிச்சலுகை. ஆனா மே மாசமே யூனியனுங்களும் ஸ்டுடியோக்களும் வாய்ட், ஸ்டலோனும் சேந்து கையெழுத்து போட்டு அனுப்பின கடிதத்துல வரிச்சலுகை மட்டும் தான் கேட்டாங்க, டாரிஃப் கேக்கல.

சினிமா மேல பெரிய வரி போட்டா என்ன ஆகும்னு ஊகிக்க வேண்டியதில்ல, ஒரு தடவை நடந்து முடிஞ்சிருச்சு. நம்ம நாடு சுதந்திரம் வாங்குன அதே 1947 ஆகஸ்ட்ல, பிரிட்டன்ல. போர் முடிஞ்சு அவங்க கையில டாலர் இல்ல, ரொட்டி வரைக்கும் ரேஷன், ஆனா ஜனங்க வாரா வாரம் ஹாலிவுட் படம் பாக்கறாங்க, அந்தக் காசு டாலரா வெளிய போகுது. நிதியமைச்சர் ஹியூ டால்டன் வெளிநாட்டுப் படத்துக்கு 75 பர்சென்ட் வரின்னு போட்டாரு. ஹாலிவுட் அப்பவே புதுப் படம் அனுப்பறதை நிறுத்திருச்சு. தியேட்டருங்க பழைய படத்தையே ஓட்டினாங்க. அந்த இடைவெளியை நிரப்பிடலாம்னு அங்கத்து பெரிய சினிமா கம்பெனி ரேங்க் அவசர அவசரமா படம் எடுக்க இறங்குச்சு, ஆனா ஏழு மாசத்துல, 1948 மார்ச்ல, அரசாங்கம் வரியை விலக்கிக்க ஒத்துக்கிச்சு, தேங்கிக் கிடந்த ஹாலிவுட் படமெல்லாம் மொத்தமா வந்து இறங்குச்சு, ரேங்குக்கு பெரிய நஷ்டம்.

ஆனா எனக்கு முக்கியமா படறது அந்த ஒப்பந்தத்துல இருந்த ஒரு ஷரத்து. ஸ்டுடியோக்கள் வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் மட்டும் தான் வெளிய எடுத்துட்டுப் போகலாம், மிச்ச வசூல் பிரிட்டன்லயே கிடக்கணும், அங்கயே தான் செலவு பண்ணணும். சரி, பணம் அங்க கிடக்குது, அங்கயே போய் படம் எடுப்போம்னு ஸ்டுடியோக்கள் கெளம்பிட்டாங்க. இத்தாலில இதே மாதிரி முடங்கின பணத்தை வெச்சு ரோம்ல எடுத்தாங்க. வேலை ஊரை விட்டு ஓடுதுன்னு லாஸ் ஏஞ்சல்ஸ் யூனியன்ல புலம்பல் ஆரம்பிச்சது அந்தக் காலத்துல தான். அதாவது ஒரு வரில ஆரம்பிச்ச தகராறு தான் இந்த ஓட்டத்தைப் பெருசா கிளப்பி விட்டுச்சு, அந்த ஓட்டத்தை நிறுத்த இப்ப இன்னொரு வரி. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

நம்ம பக்கமும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் படம் இங்க வந்து எடுத்தா செலவுல 40 பர்சென்ட் வரைக்கும், அதிகபட்சம் 30 கோடி ரூபாய் திருப்பித் தர்றோம்னு 2023 நவம்பர்ல நம்ம மத்திய அரசே அறிவிச்சுது. கலிஃபோர்னியா 2025ல சினிமா வரிச்சலுகைக்கான அவங்க வருஷ ஒதுக்கீட்டை 33 கோடி டாலர்ல இருந்து 75 கோடியா ஏத்திட்டாங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் 2008ல இருந்து 30 பர்சென்ட் வரைக்கும் குடுத்து அட்லான்டாவை சினிமா ஊரா மாத்துச்சு, அங்கயே எடுத்துட்டு இருந்த மார்வெல் இப்ப பெரிய படங்களை லண்டன் பக்கம் கொண்டு போயாச்சு, அட்லான்டால கட்டின ஸ்டேஜ் நிறைய காலி. மக்களோட வரிப்பணம் ஊரு ஊரா ஸ்டுடியோ பின்னாடி ஓடுது. மானியம் வாங்கறது ஸ்டுடியோ, பெட்டி தூக்கறது நாங்க.

வரி வந்தா தமிழ்ப் படங்களுக்கு அடி விழும்ங்கறதும் உண்மை தான். நியூ ஜெர்சிலயும் டல்லாஸ்லயும் பிரீமியர் ஷோ போடற டிஸ்ட்ரிபியூட்டர் பெரும்பாலும் சின்ன ஆள், ரெட்டிப்பு செலவை அவரால தாங்க முடியாது. ஆனா எங்களை மாதிரி ரோட்டோ ஆளுங்களுக்கு சினிமா டாரிஃபை விட கிட்ட நிக்கற ஆபத்து வேற ஒண்ணு. 2025 செப்டம்பர்ல ஓஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ ஒரு மசோதா கொண்டு வந்தாரு, வெளிநாட்டு ஆளுங்களுக்கு வேலையை அவுட்சோர்ஸ் பண்ணி குடுக்கற பணத்துக்கு 25 பர்சென்ட் வரி. அது ஃபைலைத் தேடாது, பணம் போற வழியில நிக்கும். குரூப்ல இதைப் பத்தி ஒருத்தரும் பேசல.

எங்களுக்கு வேலை போறதுக்கு வரியும் தேவையில்ல, அது தனியா போயிட்டு தான் இருக்கு. 2025 பிப்ரவரில டெக்னிகலர்ங்கற பெரிய விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுமம் ஒரே வாரத்துல சரிஞ்சுது, எம்பிசி, தி மில் எல்லாம் அதுக்குள்ள தான், லண்டன், மான்ட்ரியல், பெங்களூருன்னு ஆயிரக்கணக்கான பேரு தெருவுக்கு வந்தாங்க. நான் முன்னாடி இருந்த ஒரு சின்ன கம்பெனில ஸ்ட்ரைக் நேரத்துல ப்ராஜெக்ட் வரலன்னு மூணு மாசம் சம்பளம் நின்னுச்சு, நாலாவது மாசம் கேட்டுல பூட்டு. லீடு அண்ணா ஒருத்தரு, ரெண்டு பொண்ணு அவருக்கு, இப்ப பல்லாவரத்துல அவங்க மாமனார் மளிகைக் கடையில நிக்கறாரு, பதினொரு வருஷ அனுபவம். போன மாசம் கடைக்குப் போனப்போ பில் போட்டுட்டே, "இன்னும் கையில அந்த பாயின்ட் இழுக்கற பழக்கம் போகலடா தம்பி"ன்னாரு.

அதனால தான் அந்த மூணாவது மெசேஜ் என்னை அவ்வளவு உறுத்துச்சு. அங்க ஒருத்தனுக்கு வேலை போறது எனக்கு லாபம் இல்ல, எனக்கு வேலை வர்றதும் அவனுக்கு பண்ண துரோகம் இல்ல. ஃபிக்ஸட் பிட்ல இலவசமா போற ரீடேக்கை நிறுத்தணும், ஓவர்டைமுக்கு காசு வேணும், பேரு போடணும், கேக்க வேண்டியது இது தான்னு நான் நம்பறேன். 2023 செப்டம்பர்ல மார்வெலோட சொந்த விஎஃப்எக்ஸ் ஆளுங்கள்ல ஓட்டு போட்ட ஒவ்வொருத்தரும் யூனியனுக்கே போட்டாங்களே, அந்த மாதிரி ஒண்ணு எல்லைக்கு இந்தப் பக்கமும் சேத்து வரணும். வந்தா தான் ஒரு ஊரு கூலியைக் காட்டி இன்னொரு ஊரு கூலியைக் குறைக்கறது நிக்கும்.

அந்த மெயில். 2024 நவம்பர்ல வந்துச்சு, கம்பெனி ஐடி இல்ல, அந்த காம்ப் சூப்பர்வைசரோட சொந்த ஐடி. வணக்கம் சொல்லி, குடும்பத்தைப் பத்தி விசாரிச்சுட்டு, ஒம்பது மாசமா வேலை இல்லன்னு ஒரே வரில எழுதியிருந்தாரு. உங்க பக்கம் ரிமோட்டா காம்ப் பண்ண ஆள் எடுப்பாங்களா, உங்க ரேட்டே போதும், எவ்வளவு வரும்னு சொல்லுன்னு. எனக்கு முடி போட சொல்லிக் குடுத்த மனுஷன் என் ரேட்டுக்கு வேலை கேக்கறாரு. எங்க கம்பெனில வெளி ஆள் எடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா அதை விட அந்த மேன்டே ரேட்டை, அதாவது ஒரு ஆளோட ஒரு நாள் வேலைக்கான விலையை, அவருக்கு நம்பரா எழுத எனக்கு கை வரல. டாலர்ல மாத்தி டைப் பண்ணேன், அழிச்சேன். நாளைக்குப் பாக்கலாம்னு விட்டேன், அப்படியே ஆறு மாசம் போயிருச்சு.

மே 5 அன்னிக்கு ராத்திரி உக்காந்து பதில் போட்டேன். லேட்டானதுக்கு மன்னிப்பு கேட்டேன், நம்பரை அப்படியே எழுதினேன், வேலை இல்லங்கறதையும் எழுதினேன். அந்த மழை ஷாட் தியேட்டர்ல பாத்தேன் சார், கிரெடிட்ஸ் முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன், எங்க கம்பெனி பேரு மட்டும் வந்துச்சு, எங்க பேரு வரலன்னு எழுதினேன். மறுநாள் காலைல பதில் வந்திருந்துச்சு. டெலிவரிக்கு முன்னாடியே அவரை எடுத்துட்டாங்களாம், அதனால அவரு பேரும் அதுல இல்லையாம். ரேட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல. முடி நல்லா வந்துச்சா, பெரிய ஸ்கிரீன்ல ஓரம் துடிக்குதான்னு கேட்டிருந்தாரு. துடிக்கல சார்னு போட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை உங்க ராத்திரி 11:30க்கு ஃப்ரீயா, சும்மா பேசலாம்னு கேட்டாரு. சரின்னு சொன்னேன்.